இடப்பக்கம் கடல்: கோடியக்கரை முதல் அரிச்சல்முனை வரை எட்டு நாள் சைக்கிள் பயணம்

முதல் நாள் – வேதாரண்யம், கோடியக்கரை

இந்தப் பயணத்துக்கு நாள் குறித்ததே காற்றைப் பார்த்துத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, தை பிறந்து, வாடைக்காற்று மட்டும் நின்று வீசுகிற சில வாரங்கள் இந்தக் கரைக்கு உண்டு. பாக் விரிகுடா ஓரமாகச் சைக்கிளில் போக அதைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் எண்ணம். வாடை வடகிழக்கிலிருந்து வரும். வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு மேற்கே போகும்போது முதுகில் விழும். அங்கிருந்து தொண்டிவரை தெற்கே இறங்கும்போதும் முதுகில்தான். ராமநாதபுரத்தில் கிழக்கே திரும்பிய பிறகுதான் முகத்துக்கு வரும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோடியக்கரையில் தொடங்கினால் தனுஷ்கோடி வரை வழி முழுக்கக் கடல் இடப்பக்கமே இருக்கிறது. நாம் சாலையில் போவதும் இடப்பக்கம். கடலுக்குப் பிரியும் எந்தத் தெருவுக்கும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, அப்படியே ஹேண்டில்பாரை ஒடித்தால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் அந்தச் சாலையிலிருந்து பெரும்பாலும் கடல் தெரியாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியே போகும். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நாளைக்கு மூன்று முறையாவது இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து நண்பனின் குட்டியானையில் சைக்கிளை ஏற்றிவந்து விடியற்காலையில் வேதாரண்யத்தில் இறங்கினேன். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை. ஒன்றில் துணி, இன்னொன்றில் டியூப் இரண்டு, பம்பு, பஞ்சர் சாமான், செயின் எண்ணெய், பழந்துணி.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியலை எதிர்பார்த்துப் போனேன். இது உப்பு வாரும் காலம் இல்லை. மழைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் வரிசையாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குதிகாலால் களிமண்ணை அழுத்தி அழுத்திப் பின்னால் நகர்கிறார்கள். கால் பட்ட இடம் சாணம் மெழுகிய தரைபோல் மினுங்குகிறது. "தரை இறுகலேன்னா உப்புல மண்ணு ஒட்டிக்கும் தம்பி. சேத்து உப்பை யாரு வாங்குவா?" என்றார் வரிசையின் கடைசியில் நின்ற பெரியவர். "எத்தனை நாள் மிதிக்கணும் ஐயா?" என்று கேட்டேன். "கால் சொல்லும்" என்றார்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நூறு பேரோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானது இங்கேதான். நினைவுத்தூண் இருக்கிறது. தூணைவிட அந்தப் பெரியவரின் குதிகால் வெடிப்புகள்தான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அங்கிருந்து கோடியக்காட்டு வழி. குழகர் கோயிலில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தேன். கடற்காற்று இப்படி வந்து அறைகிற கரையில் துணைக்கு ஒரு குடிகூட இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் இந்தச் சாமியைப் பார்த்துக் கலங்கியிருக்கிறார். இன்றைக்கும் அந்தக் காற்று மாறவில்லை. காட்டுக்குள் பாலை மரங்களுக்கு நடுவே வெட்டவெளி வந்ததும் வெளிமான் கூட்டம். கிடாவின் முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிய கயிறு. தூரத்துச் சேற்றில் பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக நின்றன.

கோடி என்றால் முனை, கடைசி. வங்கக் கரை தெற்கே நேராக வந்து, இங்கே செங்குத்தாக மேற்கே மடங்குகிறது. இந்தக் கோடியக்கரைக்கு ஆதிசேது என்றும் பெயர். ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு, ஒரு சேதுவிலிருந்து இன்னொரு சேதுவுக்குப் போகப் போகிறேன். இன்று 31 கிலோமீட்டர்தான். நாளை முதல் கணக்குத் தொடங்கும்.

இரண்டாம் நாள் – வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை

கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று புலம் புலமாக ஊர்கள். வேலி ஓரமெல்லாம் முல்லைத் தோட்டம். காலை ஆறரைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுப் பறிக்கிறார்கள். பனி காலத்தில் பூ வரத்துக் குறைவு, விலை ஏறியிருக்கும் என்றார்கள். சைக்கிளில் போனால் தோட்டம் கண்ணில் படுமுன்னே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

மாமரங்களும் தென்னைகளும் வரும் இடங்களில் ஒன்றைக் கவனித்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரை ஏறியது. எந்தத் தோப்பு அன்று சாய்ந்தது, எது தப்பியது என்பதை இன்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, தென்னையின் உயரமே சொல்கிறது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே குலை தள்ளி நிற்பவை எல்லாம் புயலுக்குப் பிறகு வைத்த பிள்ளைகள். நடுவில் ஒன்றிரண்டு கிழமரம் தலை நிமிர்ந்து நிற்கும். அந்த மரங்களைப் பார்க்கும்போது நெஞ்சை என்னவோ செய்தது.

வாய்மேடு தாண்டி இடும்பாவனம் போகும் வழியில் இரண்டு முறை இடப்பக்கம் திரும்பினேன். இரண்டிலும் கடல் கிடைக்கவில்லை. தெரு மண்பாதையாகி, மண்பாதை வரப்பாகி, கடைசியில் உவர்ச் சேற்றில் போய் முடிந்தது. கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் கடல் என்று தனியாக ஒன்று இல்லை. சதுப்பு நிலம் பெருகிப் பெருகிக் கடலாகிறது. வரப்பின் முனையில் பத்து நிமிடம் நின்றேன். நண்டு வளைகளில் நீர் ஏறும் சத்தம் மட்டும். அதுவே போதுமாக இருந்தது.

மீட்டரில் 46. காற்று முதுகைத் தள்ளியதால் பத்தரைக்கெல்லாம் முத்துப்பேட்டை வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் – அலையாத்திக் காடு, பிறகு அதிராம்பட்டினம்

இன்று சைக்கிளைவிடப் படகைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஜாம்புவானோடையில் தர்காவுக்குப் போய்விட்டு அங்கிருந்தே படகு ஏறினேன். வாய்க்காலில் போகும்போது படகோட்டி அண்ணன் "இது கோரையாறு, அந்தாண்ட பாமணியாறு" என்று கை காட்டினார். எனக்குத் திக்கென்றது. பாமணியாறு எங்கள் ஊர் ஆறு. சின்ன வயதில் மன்னார்குடியில் அதில் குளித்திருக்கிறேன், மீன் பிடித்திருக்கிறேன். அது கடைசியில் எங்கே போகிறது என்று நாற்பது வயதுவரை நேரில் பார்த்ததில்லை. இங்கேதான் வருகிறது. காவிரியின் கடைமடை ஆறுகள் பல, கொண்டுவந்த வண்டலை எல்லாம் இந்தக் காயலில் கொட்டிவிட்டு ஓய்கின்றன. அந்த வண்டலில்தான் காடு நிற்கிறது, ஏறக்குறைய 12,000 ஹெக்டேர்.

படகு ஓரமாகச் சென்றபோது ஒரு இலையைக் கிள்ளி அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். உப்பு. வேர் வழியாக ஏறிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் இது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் இலையின் மேல் பொடிப் பொடியாகப் படிகம் தெரிகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. 2004 சுனாமியின்போது முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு முன்னால் நின்றது இந்தக் காடுதான்.

காட்டில் வெறுமையான இடங்களும் உண்டு. தண்ணீர் தேங்கி உவர் ஏறிப்போனால் கன்று பிழைக்காது. அதற்கு மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, இறங்கும்போது உவரைக் கழுவிக்கொண்டு போகும். வாய்க்கால் கரையில் கன்று வைக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவனுக்கு இது உடனே புரியும். கஜாவில் முறிந்த மரங்கள் இன்னும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அவற்றின் காலடியில் இடுப்பளவு பச்சை. இந்தப் பச்சையைப் பார்க்க மட்டுமே முத்துப்பேட்டைக்கு இன்னொரு முறை வரலாம்.

மதியம் கொடுவா மீன் குழம்புச் சாப்பாடு. வெயில் தாழ்ந்து கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில் அதிராம்பட்டினம். டீக்கடையில் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "எங்கேர்ந்து வாறிய தம்பி?" என்றார். சொன்னேன். "சேதுவுக்கா? அந்தக் காலத்துல காசிலேர்ந்து நடந்து வர்றவங்க எல்லாம் இந்த வழிதான். நீங்க சைக்கிள்ல போறிய" என்று சிரித்து, டீக்குக் காசு கொடுக்கவிடவில்லை. நன்றி பாய்.

நான்காம் நாள் – மனோரா வழியாக மணமேல்குடி

டீக்கடைப் பெரியவர் சொன்னது சரி. இன்று காலை தாண்டிய ஊர்ப் பெயர்களே சாட்சி. இராசாமடம், பிறகு சேதுபாவாசத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வர யாத்திரைக்காரர்களுக்குச் சோறும் திண்ணையும் கொடுத்த வழி இது. நான் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம் நடப்பவருக்கு அரை நாள்.

மல்லிப்பட்டினம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தோப்புக்கு மேலே மனோரா தெரியும். அறுகோண வடிவில் எட்டு அடுக்கு. நெப்போலியன் தோற்றதையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-இல் கட்டியது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இந்தக் கரையில் ஒரு கோபுரம். அகழியைத் தாண்டி உள்ளே போனேன். கடல் பக்கத்துச் சுவர் ஓரமாக நின்று பார்த்தால் அலையே இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கலாக, அசையாமல் கிடக்கிறது கடல். ஒருவர் கரையிலிருந்து இருநூறு அடி தூரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆழமில்லாத இந்தக் கடலை ஏழைக் கடல் என்று நினைத்துவிடக் கூடாது. சூரிய ஒளி தரைவரை போவதால் அடியில் கடற்புல் முளைக்கிறது. வயல் போலப் பரந்த புல். அதைத் தின்று வாழ்வது கடல்பசு, மீனவர் பேச்சில் ஆவுளியா. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். மீனைப்போல் தண்ணீருக்குள்ளேயே மூச்சுவிட முடியாது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் அதனால்தான் செத்துப்போகிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் முதலாவது. வலையை அறுத்து ஆவுளியாவை விட்டுவிடும் மீனவருக்கு வனத்துறை பணம் கொடுக்கிறது. ஒரு வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு கத்திவெட்டு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

கட்டுமாவடி தாண்டி இன்னொரு இடப்பக்கத் தெரு. முனையில் கீற்றுக் கொட்டகை, அதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நீலக்கால் நண்டு. ஆண் நண்டின் கொடுக்கு ஊதா நீலம், பெண் நண்டு பழுப்பு. நரம்பு வலை அதன் கால்களில் நூறு சுற்றுச் சுற்றியிருக்கும். இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்தால் கம்பெனிக்காரர் விலையைக் குறைப்பார். பக்கத்தில் உட்காரச் சொன்ன அக்கா, நண்டின் முதுகைத் தரையில் அழுத்தி, இடது கட்டைவிரலால் கொடுக்கை மடக்கி, வலது கையால் ஒரே ஒரு இழையைத் தேடிப் பிடித்து உருவினார். மொத்தச் சிக்கலும் அவிழ்ந்து விழுந்தது.

"எந்த இழைன்னு எப்படிக்கா தெரியுது?"

"அது கடைசியா எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு பார்க்கணும் தம்பி. அந்தப் பக்கமே திருப்பி விடணும்."

நான் ஒன்றை எடுத்து முயன்றேன். கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் பன்னிரண்டு கழற்றிவிட்டார். வயிற்றில் முட்டை ஒட்டியிருந்த சினை நண்டு ஒன்று வந்தபோது, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு சிறுவனிடம் கொடுத்தார். அவன் ஓடிப்போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான்.

மணமேல்குடியில் தங்கல். 64 கிலோமீட்டர். அதில் பதினைந்து இடப்பக்கத் தெருக்களிலேயே போயிருக்கும்.

ஐந்தாம் நாள் – தொண்டி

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் இரண்டும் விசைப்படகு ஊர்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று இந்தக் கடலில் ஒரு முறை உண்டு. நான் போனது படகுகள் கட்டியிருந்த நாள். துறை முழுக்க மீன் வாடையோடு டீசல் வாடை. பேசிய எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் இருப்பவர்கள், திரும்பாத படகுகள். அக்கரைத் தமிழ் மீனவர்களோ, இங்கிருந்து வரும் இழுவை மடிகள் தங்கள் வலையையும் கடல் தரையையும் அழிப்பதாகச் சொல்கிறார்கள். நேற்று கடற்புல்லைப் பற்றி எழுதிய கையால் இன்று இதை எழுதாமல் விட முடியவில்லை. இரண்டு கரையிலும் அடுப்பு எரிய வேண்டும்.

மீமிசல் வரும் முன்பு பின்சக்கரம் இறங்கியது. சீமைக்கருவேல முள். இந்தப் பக்கம் இனி ராமநாதபுரம்வரை அதே மரம்தான், தயவுசெய்து சாலையை விட்டு மண்ணில் இறக்கி ஓட்டாதீர்கள். ஒட்டுப் போட்டுக் கைப்பம்பால் அடித்ததும் காற்று வெளியேறியது, வேறு ஓட்டையும் இருந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையைப் பிடித்தேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி மூன்று இடத்தில் குமிழி காட்டினார். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குத் தெரியாதது. ஒட்டுப் போட்டு முடித்தும் டியூபை மாட்டவில்லை. டயரின் உட்பக்கத்தை அங்குலம் அங்குலமாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். இரண்டு முள்முனைகள் ரப்பருக்குள் ஒடிந்து உட்கார்ந்திருந்தன. "இதை எடுக்காம போனீங்கன்னா நாலு கிலோமீட்டர்ல திரும்ப நிப்பீங்க" என்று குறடால் பிடுங்கிப் போட்டார். செயினில் படிந்த உப்புப் பொருக்கையும் பார்த்துவிட்டு, "ராவுல துணி வச்சுத் துடைங்கண்ணே, எண்ணெயைக் காலைல விடுங்க. ராத்திரி விட்டா மண்ணு ஒட்டும்" என்றார்.

சுந்தரபாண்டியன்பட்டினம் வழியாகத் தொண்டி. 48.

ஆறாம் நாள் – தொண்டியிலிருந்து ராமநாதபுரம்

எட்டு நாளில் ஒரே ஒரு நாள்தான் உங்களால் வர முடியும் என்றால், இன்றைய வழியைத் தேர்ந்தெடுங்கள். நம்புதாளை, சோழியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி. எல்லாம் இடப்பக்கம், எல்லாவற்றுக்கும் தனித்தனித் தெரு. வாடை முதுகில். பாரமாக இருந்த பைகள்கூடப் பாய் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டன.

காரங்காட்டில் மறுபடியும் அலையாத்தி. முத்துப்பேட்டைபோல் விரிந்த காடு இல்லை, ஊருக்குப் பின்னால் ஒரு ஓடையின் இரண்டு கரையிலும் நெருங்கி நிற்கிறது. வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. ஓடை திறந்து கடல் விரியும் இடத்தில் படகை நிறுத்தி, நீருக்கடியில் கடற்புல்லைக் காட்டினார்கள். மனோராவில் கேட்டதை இங்கே கண்ணால் பார்த்தேன். பட்டையான பச்சை நாடாக்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து அசைந்தன, காற்றடிக்கும் நெல் வயல்தான்.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, உச்சி வெயில் நேரத்துக்கு அங்கேயே ஒரு மர நிழலில் சாய்ந்துவிட்டு, மூன்று மணிக்கு தேவிபட்டினம். கடலுக்குள் நவபாஷாணக் கற்கள். சேதுவுக்குப் போகும் முன் ராமன் நவக்கிரகங்களை வணங்கி நட்டதாகச் சொல்லும் ஒன்பது கற்கள். தண்ணீரில் இறங்கிக் கற்களைச் சுற்றி வருகிறார்கள். இந்தக் கடலில்தான் அது முடியும். அலை அடிக்கும் கரையாக இருந்தால் ஒன்பது கல்லும் இத்தனை காலம் நின்றிருக்காது, சுற்றி வருபவரும் நிற்க முடியாது.

ராமநாதபுரம் விடுதியில் சைக்கிளை அறைக்குள் ஏற்ற மறுத்தார்கள். கொஞ்சம் பேசிய பிறகு மாடிப்படிக்குக் கீழே பூட்டிவைக்க இடம் கிடைத்தது. 61.

ஏழாம் நாள் – எதிர்க்காற்று, பாம்பன்

ஆறு நாள் தூக்கிவிட்ட காற்று இன்று நெஞ்சில் கை வைத்தது. உச்சிப்புளி வரைக்கும் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். கீழ்க் கியர், குனிந்த முதுகு. பேச்சில்லாமல் மிதித்தேன்.

நடுவில் ஆற்றங்கரைக்குத் திரும்பினேன். வைகையின் வாய் அது. மதுரையில் பாலத்தின் மேல் நின்று பார்க்கும் வைகை இங்கே வந்துதான் பாக் விரிகுடாவில் சேர வேண்டும். ஆனால் வழியெல்லாம் கண்மாய்கள் அதைக் குடித்துவிடுகின்றன, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. கடலுக்கு வராத ஆறு என்று குறையாகச் சொல்வார்கள். இந்த வறண்ட சீமையைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு, வந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் மண்ணுக்குத் திருப்பியவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

பிரப்பன்வலசை, அரியமான் கரைகளில் இன்று முதல்முறையாக அலைச்சத்தம் கேட்டேன். வாடைக் காலத்தில் இந்தப் பக்கம்தான் கொந்தளிக்கும் என்றார் சவுக்குத் தோப்பில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர். "தென்கடலு இப்ப குளம் மாதிரி கெடக்கும். கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, கெளம்பட்டும், அப்ப பாருங்க, இது குளம், அது பேய். எங்கிட்டு போறீக, பாம்பனுக்கா? பாலத்துல பாத்துப் போங்க." பாக் விரிகுடா என்ற பெயர் 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கினால் வந்தது. இங்கே அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்களுக்கு இது வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல், காற்று மாறினால் படகு கடல் மாறும்.

பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர். 1988-இல் திறந்தது. ஏறும்வரை எதிரே இருந்த காற்று, உச்சியில் இடப்பக்கத்திலிருந்து மொத்தமாக மோதியது. சைக்கிள் இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்துவிட்டது, பின்னால் பேருந்து. அந்த நொடியில் இறங்கிவிட்டேன். கைப்பிடிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வாடைக் காலத்தில் வருபவர்கள் யாராக இருந்தாலும் பாலத்தின் நடுப்பகுதியில் இறங்கித் தள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நடந்ததால்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது. கீழே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம். ஆட்கள் நெம்புகோல் சுற்ற, இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கிய அதன் நடுப்பகுதி ஓய்ந்து நின்றது. பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம். அதன் 72.5 மீட்டர் நடுத்துண்டு பிரியாமல் அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே ஏறும். 1964 டிசம்பர் புயலில் உடைந்ததைச் சில மாதத்திலேயே சரிசெய்து, அதன் பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ரயில் ஓட்டிய பழைய இரும்பின்மேல் உப்புக்காற்று எழுதியிருக்கும் துருவை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை.

ராமேஸ்வரம் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 63. தொடை இரண்டும் கல்.

எட்டாம் நாள் – தனுஷ்கோடி, அரிச்சல்முனை

நாலரைக்குக் கிளம்பினேன். சுற்றுலா வண்டிகள் வரும்முன் அந்தச் சாலையைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்பும் நடையும்தான். விடிந்தபோது என் இரண்டு பக்கமும் தண்ணீர். இடப்பக்கம் வடகடல் நுரைத்துக்கொண்டிருந்தது, வலப்பக்கம் தென்கடல் அசையவில்லை. ஆண் கடல், பெண் கடல் என்று இங்கே சொல்வார்கள். பெண் கடல் என்று சொல்லப்படும் வடகடல்தான் இன்று ஆர்ப்பரித்தது.

பழைய ஊரின் தேவாலயச் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் ஊரையும் அதற்குள் வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. அதுவரை இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம். தேவாலயத்தின் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். பவளப் பாறை, விரல் பட்ட இடத்தில் பூவிதழ் மாதிரி வரிகள்.

இடிபாட்டுக்குப் பின்னால், குடிசைகளின் ஓரம், மணலில் ஒரு குழி. ஆள் உட்காரும் அகலம், இரண்டு முழம் ஆழம். அதற்குள் ஒரு ஆச்சி குந்தி உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். வேகமாக மொண்டாலும் வந்துவிடும். நான்கு கொட்டாங்கச்சி மொண்டால் கொஞ்சம் பொறுக்கிறார், ஊறி வந்ததும் மறுபடி நான்கு. "குடிச்சுப் பாருய்யா" என்று நீட்டினார். இனிப்பு. கோடியக்கரையிலிருந்து எட்டு நாளாக உப்பிலேயே வந்த நாக்குக்கு அது இனிப்பேதான்.

என் பாட்டிலையும் அதே நிதானத்தில், பொறுத்துப் பொறுத்து நிரப்பிக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "தண்ணிக்கு என்னய்யா காசு? முனைக்குப் போயிட்டு வெயில் ஏறுமுன்னே திரும்பிடு" என்றார்.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமாக முடிகிறது. அதற்கு அப்பால் மணல் நாக்கு, அதற்கும் அப்பால் திட்டுகள். சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு மணலில் நடந்து, இரண்டு தண்ணீரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம்வரை போய் நின்றேன். முதல் வேன் வரும் சத்தம் கேட்டதும் திரும்பினேன்.

வட்டத்தைச் சுற்றிச் சைக்கிளைத் திருப்பி மிதித்தபோது, எட்டு நாளில் முதல்முறையாக வடகடல் என் வலப்பக்கம் இருந்தது.